உப்பளத் தெருவில் யாரும் இல்லை

கோட்டைத்துறையில் புயல் எச்சரிக்கைக்கு யாரும் பயந்ததில்லை. பயப்படவில்லை என்பதைவிட, யாரும் அதைப் படித்ததில்லை என்பதுதான் சரி. உள்ளூர் கேபிள் சேனலான கரை டிவியில், திரையின் அடியில் சிவப்பாக எச்சரிக்கை ஓடும். அதற்கு மேலே காதணி விழா வாழ்த்து ஓடும். அதற்கும் மேலே பாத்திரக்கடை விளம்பரம் நிற்கும். இத்தனையும் போக மிச்சமிருக்கிற இடத்தில் மாமியாரும் மருமகளும் சண்டை போடுவார்கள். ஊர் அதைத்தான் பார்த்தது. கடைசியாக வந்த புயலின்போது சிவப்புப் பட்டையைக் கொஞ்சம் அகலமாகப் போட்டார்கள். நிலையத்துக்கு ஏகப்பட்ட போன் வந்தது. ஒன்றுகூடப் புயலைப் பற்றியது இல்லை. நேரலையில் ஓடிக்கொண்டிருந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை முகம் தெரியவில்லையாம்.

அந்தப் புயலில் உப்பளத் தெருவுக்குள் கடல் வந்தது. வீட்டிலேயே இருந்துவிட்ட ஆறு பேர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் கையில் ரிமோட் இருந்ததாகச் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, அதைக் கேட்ட நாளிலிருந்து குணவதிக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. கரை டிவியின் திரையில் எது எங்கே எந்த நிறத்தில் வரவேண்டும் என்று முடிவு செய்வது அவள்தான்.

"நிறத்த மாத்திப் பாத்தாச்சு, எழுத்தப் பெருசாக்கியாச்சு, சங்கு ஊதியும் பாத்தாச்சு," என்றார் முதலாளி பாண்டுரங்கன். "ஒருத்தனும் எந்திரிக்கல. நம்ம ஊருக்காரன பயமுறுத்த முடியாதும்மா."

"பயமுறுத்த வேண்டாம் சார். தேர்த் திருவிழாவுக்கு உபயதாரர் பேரு போடுறோமே, அப்ப என்ன ஆவுது?"

"என்ன ஆவும்? பக்கத்து வீட்டுக்காரன் பேரு ஓடுதுன்னு பாத்துட்டு, இவனும் விழுந்தடிச்சு ஓடியாருவான்."

"அதேதான் சார். இந்த ஊருல பயம் வேலை செய்யாது. மானம் வேலை செய்யும்."

பாண்டுரங்கனுக்குப் புரிய ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. குணவதி விளக்கினாள். கேபிள் பெட்டிகள் எல்லாம் மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. புதுப் பெட்டியில் எண்ணும் கண் ஒன்று உண்டு. ஒரு விளம்பரத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கம்பெனிகளுக்குச் சொல்வதற்காக வைத்தது.

"அது படம் புடிக்காது சார். மூச்சையும் உடம்புச் சூட்டையும் வெச்சு எண்ணும். குறுக்க செவுரு இருந்தாலும் எண்ணும். கரண்டு போனாலும் உள்ள இருக்கிற பேட்டரியில ரெண்டு நாள் ஓடும். கேபிளக் கழட்டுனாலும் நம்மளோட பேசும், எச்சரிக்கை அனுப்புனா கூவும். பெட்டி எந்த எடத்துல இருக்குன்னும் நமக்குத் தெரியும். புயல் வரப்ப, எந்த வீட்டுல இன்னும் ஆள் இருக்குன்னு கீழ ஓடவிடுவோம். வீட்டுக்காரர் பேரு, பக்கத்துல ஒரு நம்பர். இன்னார் வீடு, நாலு பேர். அவ்வளவுதான்."

"ஊரே பாக்குமே."

"பாக்கட்டும். ‘எல்லாரும் போயிட்டாங்க, நம்ம பேரு மட்டும் ஓடுது பாருங்க’ன்னு பொண்டாட்டி சொல்லுவா. உடனே கிளம்பிருவாங்க."

"ஏதும் வில்லங்கம் வராதுல்ல?"

"நம்பர் மட்டும்தான சார் போடுறோம்? யாரு, என்ன, ஏன்னு எதுவும் வராது. ஒரு நம்பரால யாருக்கு என்ன ஆயிடப்போவுது?"

அவள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள். அதை நான் மறுக்கவில்லை.

ஒத்திகை வைத்தார்கள். உப்பளத் தெருவில் ஒரு வீட்டில் பதினோரு பேர் என்று காட்டியது. முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்த அந்த வீட்டுக்காரி, "எங்க வீட்டுல நாங்க மூணு பேரும் இங்கதானய்யா இருக்கோம்," என்று சத்தம் போட்டாள். போய்ப் பார்த்தால் பின்கட்டில் ஆடுகள். ஊர் சிரித்தது. குணவதியும் சிரித்துக்கொண்டே ஒரு விதியைச் சேர்த்தாள். முகாமுக்கு வருகிறவர்கள் பெட்டியைக் கழற்றிக் கையோடு கொண்டுவர வேண்டும். பெட்டி முகாமுக்குள் நுழைந்தால் அந்த வீடு காலி என்று கணக்கு. அதற்குப் பிறகு உள்ளே ஆடு இருந்தாலும் மாடு இருந்தாலும் திரையில் வராது. சுலபமான விதி. எல்லோருக்கும் புரிந்தது. தேவைக்கு மேலேயே புரிந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஐப்பசியில் முதல் புயல் வந்தது. காலையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. குணவதி நினைத்தது நடந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டும், பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டும் உப்பளத் தெரு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஒவ்வொரு பெயராகத் திரையிலிருந்து விழுந்தது. அந்த அவசரத்தில் பெயருக்குப் பக்கத்தில் இருந்த நம்பரை யாரும் கவனிக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம்.

சபாபதி வீடு. மூன்று பேர்.

சபாபதி பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் நிற்பதைப் பற்றி ஊருக்கே பாடம் நடத்தியவர். அவரும் அவர் மனைவி வேதவல்லியும்தான் அந்த வீட்டில். ஒரே மகன் இளம்பரிதி மஸ்கட்டில் வேலையில் இருந்தான்.

முகாமில் இருந்த பெரிய டிவியை எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"மூணாவது யாரு?"

"ஆடு கீடு வளக்குறாரா?"

"டிரில் மாஸ்டர் வீட்டுல ஆடா? அதுக்கும் அட்டென்ஷன் சொல்லிக் குடுப்பாரு."

சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்று வேறு மாதிரிப் பேச்சு ஆரம்பித்தது. திருடன் புகுந்துவிட்டானோ என்றார் ஒருவர். இந்த வயதில் சாருக்கு எதற்கு வேண்டாத வேலை என்றார் இன்னொருவர், என்ன வேலை என்று சொல்லாமலே. தன்னார்வ இளைஞர்கள் நாலு பேர் டிராக்டர் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். குணவதி கேமராமேன் ஜெரோமைக் கூடவே அனுப்பினாள். நேரலை. ஊரில் ஓடிக்கொண்டிருந்த எல்லா டிவிகளும் சபாபதி வீட்டு வாசலைக் காட்டின.

கதவைத் திறந்து முதலில் சபாபதி வந்தார். பின்னால் வேதவல்லி. அவளுக்குப் பின்னால், வெயில் படாத வெளுப்பில், தாடியோடு ஒரு ஆள் கண் கூச நின்றான். மஸ்கட்டில் இருந்த இளம்பரிதி.

அவன் மஸ்கட் போனது நிஜம். ஏஜெண்ட் ஏமாற்றியதும், போன மூன்றாம் மாதமே திரும்பி வந்ததும் நிஜம். வந்தவன் வெளியே தலைகாட்ட மறுத்தான். "பையன் எப்படி இருக்கான் சார்?" என்று தெருவில் யாரோ கேட்டபோது, "நல்லா இருக்கான்" என்று சபாபதி ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்ற இரண்டு வருஷம் பாடுபட்டார். வேதவல்லி நாகப்பட்டினம் போய்ப் பேரீச்சம்பழமும் சென்ட் பாட்டிலும் வாங்கி வந்து, பிள்ளை அனுப்பினான் என்று தெரு முழுக்கக் கொடுத்தாள். அந்தப் பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டவர்கள்தான் முகாமில் உட்கார்ந்து இப்போது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் மூவரும் முகாமுக்குள் வந்தபோது இருநூறு முகங்கள் அவர்களைப் பார்த்தன. யாரோ கேட்டார்கள்: "மஸ்கட் பிளைட்டு இந்தப் புயல்லயா சார் எறங்குச்சு?"

கூடம் சிரித்தது. சபாபதி கையை உடம்போடு ஒட்டி விறைப்பாக நின்றார். டிரில் மாஸ்டருக்கு வேறெப்படி நிற்பது என்று தெரியவில்லை. அவர் உதடு மட்டும் நடுங்கியது. நிலையத்தில் இருந்த குணவதி திரையில் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஜெரோமின் காதுக்கருவியில் சொன்னாள்: "கொஞ்சம் கிட்ட போ."

அவள் அப்படிச் சொன்னாள். வேலைப் பழக்கம் என்று பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஒத்துவரவில்லை.

புயல் கடந்தது. சபாபதியின் வீட்டுக் கூரை பாதிக்கு மேல் போயிருந்தது. மூவரும் உள்ளே இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார்கள். உப்பளத் தெருவில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. மற்ற ஊர் கேபிள்காரர்கள் வந்து எப்படி என்று கேட்டுப் போனார்கள். பாண்டுரங்கன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பேட்டி கொடுத்தார்.

கார்த்திகை மாதம் மீன் மார்க்கெட்டில் குணவதி வேதவல்லியை எதிரில் பார்த்தாள். ஒதுங்கப் பார்த்தாள், வழியில்லை.

"உயிரக் காப்பாத்துனீங்கம்மா. நல்லா இருப்பீங்க," என்றாள் வேதவல்லி. குரலில் குத்தல் இல்லை. ஆனால் தரையைப் பார்த்துத்தான் பேசினாள். பேசி முடித்து, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது குணவதிக்கு. மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகவேண்டும் என்று நினைத்தாள். என்ன சொல்லிக் கேட்பது? உங்களைக் காப்பாற்றியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றா? போகவே இல்லை.

மார்கழியில் அடுத்த புயல் வந்தது. மறுநாள் காலை கரையைக் கடக்கும் என்றார்கள். முந்தின நாள் காலையிலிருந்தே காற்று, செல்போன் கோபுரம் முதலில் செத்தது. ஆனால் திரையில் அதிசயம் நடந்தது. பெயர்களை ஓடவிட்டு இரண்டு மணி நேரத்தில் உப்பளத் தெரு முழுக்கக் காலி. போன தடவை அரைநாளுக்கு மேல் எடுத்த வேலை. பாண்டுரங்கன் பட்டையைப் பச்சையாக மாற்றச் சொன்னார். ‘உப்பளத் தெருவில் யாரும் இல்லை. ஒத்துழைத்த மக்களுக்கு நன்றி’ என்று ஓடியது. மாநிலம் முழுக்க அதை எடுத்துப் போட்டார்கள்.

"போயி முகாம்ல நாலு பேருகிட்ட பேட்டி எடுத்துட்டு வாம்மா," என்றார் பாண்டுரங்கன். "சந்தோஷமா சிரிச்ச முகமாப் பாத்து எடு."

குணவதியும் ஜெரோமும் வேனில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள். கூடத்துக்குள் நுழைந்த குணவதி அப்படியே நின்றுவிட்டாள்.

பெஞ்சுகளில் வரிசையாகக் கேபிள் பெட்டிகள் இருந்தன. ஈரம் படாமல் பாலிதீன் பையில் சில, துண்டில் சுற்றி சில. ஒரு பெட்டியைக் குழந்தையின் ஸ்வெட்டருக்குள் வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பச்சை விளக்கு மினுக்கியது. தெருவில் இருந்த அத்தனை பெட்டியும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. ஆட்கள்தான் இல்லை.

காவலுக்கு ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மூலையில், முழுக் குடும்பமாக, மூன்று பேர். சபாபதி, வேதவல்லி, இளம்பரிதி.

"மத்தவங்க எங்க?" என்றாள் குணவதி.

இளம்பரிதிதான் எழுந்து வந்தான். தாடியை எடுத்திருந்தான்.

"வீட்டுலதான் இருக்காங்க. பெட்டிய மட்டும் ஆட்டோல ஏத்தி அனுப்பிட்டாங்க. இருட்டுன பெறகு சத்தமில்லாம வந்துருவாங்க. புயல் நாளைக்குத்தான?"

"ஏன் இப்படி?"

அவன் அவளை ஒருமுறை பார்த்தான்.

"எல்லா வீட்டுலயும் ஒரு மஸ்கட் இருக்குங்க. புருஷன் வீட்டுலேருந்து வந்துட்ட பொண்ணு இருக்கும். டிரெய்னிங்ல இருக்கான்னு சொன்ன பையன் இருப்பான். சொல்ல முடியாத சீக்குல யாராவது படுத்திருப்பாங்க. பெட்டி எண்ணிச்சுன்னா எல்லாம் வெளிய வந்துரும். வெளிச்சத்துல இங்க வந்தாலும் கேமரா இருக்கும். எங்க வீட்டுல இனிமே மறைக்க ஒண்ணுமில்ல. அதான் நாங்க மட்டும் ஆளா வந்துட்டோம்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். குணவதிக்குக் காது மடல் வரை சுட்டது. எங்காவது போய் ஒளிந்துகொண்டால் போதும் என்று இருந்தது. பூட்டிய வீட்டுக்குள் ஒருவன் இரண்டு வருஷம் ஏன் கிடந்தான் என்பது அந்த நிமிஷம் அவளுக்குப் புரிந்தது.

அப்போது பெஞ்சில் இருந்த பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கூவ ஆரம்பித்தன. பச்சை விளக்குகள் சிவப்பாயின. கூடத்தின் பெரிய டிவியில் புதிய எச்சரிக்கை வந்தது. புயல் வேகமெடுத்துவிட்டது. நாளைக் காலை இல்லை, இன்று மாலைக்குள். கடல் தெருவுக்குள் வரும். உடனே வெளியேறவும்.

ஒரு தெருவுக்கே போக வேண்டிய எச்சரிக்கை பத்துப் பேர் இருந்த கூடத்தில் கூவிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு வீட்டிலும் டிவி ஓடாது. பெட்டிகள் இங்கே இருக்கின்றன. போன் இல்லை. அங்கே இருப்பவர்கள் இருட்டுவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

நேரலைக் கருவி வழியாக மட்டும் நிலையத்தோடு பேச முடிந்தது. குணவதி மைக்கைப் பிடுங்கினாள்.

"சார், தெருவுல ஆள் இருக்காங்க. அத்தனை பேரும் இருக்காங்க."

"பட்டை பச்சையா ஓடுதேம்மா."

"பட்டை பொய் சார். பெட்டி மட்டுந்தான் வந்திருக்கு. மீட்புக்காரங்களுக்குச் சொல்லுங்க."

"மீட்பு வண்டியெல்லாம் வடக்க திருப்பி விட்டாச்சும்மா. உப்பளத் தெரு காலின்னு நாமதான சொன்னோம்," என்றார் பாண்டுரங்கன். அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை. "திரும்பி வர நேரமாவும். நான் சொல்றேன். சொல்லிப் பாக்கறேன். பட்டையில இப்ப என்ன போடுறது?"

"ஒண்ணும் போடாதீங்க சார். பேரும் வேணாம், நம்பரும் வேணாம்."

பள்ளிக்கூட வாசலில் உப்பு ஏற்றும் டிராக்டர் ஒன்று நின்றது. இளம்பரிதி ஏறி உட்கார்ந்தான். குணவதி பின்னால் இணைத்திருந்த தொட்டியில் ஏறினாள். ஜெரோம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அத இங்கயே வெச்சுட்டு வா," என்றாள்.

தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்திருந்தது. எல்லாக் கதவுகளும் வெளியே பூட்டியிருந்தன. பின்பக்கமாக உள்ளே போய்த் தாழ் போட்டிருக்கிறார்கள். ஆளில்லாத வீடு என்று பார்த்தவுடன் நம்பும்படி கச்சிதமாகச் செய்திருந்தார்கள். குணவதி முதல் வீட்டின் ஜன்னலைத் தட்டினாள்.

"அக்கா, புயல் சாயங்காலமே வருதுக்கா. வெளிய வாங்க. நான் கரை டிவி குணவதி."

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. அவள் பெயரைக் கேட்டு மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார்கள். அடுத்த வீடும் அப்படியே. மூன்றாவது வீட்டில் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஆண்குரல் மட்டும் வந்தது.

"கேமரா எங்க வெச்சிருக்க?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல. பாருங்க, வெறுங்கை."

"சட்டைப் பொத்தான்ல வெச்சிருப்ப. போம்மா. உன் வேலையப் பாத்துட்டுப் போ."

காப்பாற்ற வந்தவளை நம்பாமல் அவர்கள் சாகப்போகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுத்தவள் அவளேதான். குணவதி அந்த ஜன்னலடியில் நின்று அழுதாள். அழுகையையும் அவர்கள் நம்பவில்லை. டிவிக்காரி அழுகையை யார் நம்புவார்கள்?

இளம்பரிதி டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். அவளைத் தள்ளி நிற்கச் சொன்னான்.

"சித்தப்பா, நான் பரிதி. சபாபதி மகன்," என்றான் ஜன்னலைப் பார்த்து. "என்னைத்தான் ஊரே பாத்துச்சே. அதோட நான் முடிஞ்சுபோயிட்டேனா? சாப்பிடுறேன், தூங்குறேன், இன்னிக்கு டிராக்டர் ஓட்டுறேன். நீங்களும் வாங்க. துண்டப் போட்டு மூடிட்டு வாங்க. யாருன்னு நான் பாக்க மாட்டேன். வண்டியில ஏத்துனதும் முன்னால போயி உக்காந்துக்குவேன். திரும்பவே மாட்டேன்."

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. பிறகு பின்கட்டுக் கதவு கிறீச்சிட்டது.

வந்தார்கள். தலையில் போர்வை, முகத்தில் முந்தானை, துண்டு, கோணிப்பை. ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தவர்களே அடுத்த வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இளம்பரிதி சொன்ன சொல் தவறவில்லை. முன்னால் உட்கார்ந்து சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான். குணவதி தொட்டியின் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை கொடுத்து ஏற்றினாள், எண்ணவில்லை. டிராக்டர் பலமுறை போய்வந்தது.

கடைசி நடை முடிந்தபோது தெருவில் தண்ணீர் இடுப்புக்கு மேல். கூடம் நிரம்பியிருந்தது. போர்வைகளுக்குள் இருந்தவர்கள் இன்னும் போர்வைகளுக்குள்ளேயே இருந்தார்கள். குணவதி ஈரத்தோடு தூணில் சாய்ந்து நின்றாள். காவலுக்கு இருந்த பெண்களில் ஒருத்தி மெல்ல எழுந்து அவளிடம் வந்தாள். தனபாக்கியம். உப்பளத் தெருவின் கடைசி வீடு. புருஷன் போனபின் தனியாக இருப்பவள். ஊர் அறிந்தது அவ்வளவுதான். கையில் தன் பெட்டியை மார்போடு அணைத்து வைத்திருந்தாள்.

"ஏம்மா, எங்க வீட்டுல எத்தன பேருன்னு உங்க மிஷின்ல கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

"நீங்கதான் இங்க இருக்கீங்களேக்கா. காலின்னுதான் காட்டும்."

"இருக்கட்டும். பாத்துச் சொல்லு."

நிலையத்துக் கணக்கைக் காட்டும் தன் கைக்கருவியில் குணவதி பார்த்தாள். "காலிதான்க்கா."

தனபாக்கியம் போகவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். உதட்டைக் கடித்தாள்.

"நல்லாப் பாரும்மா," என்றாள். "சரியாப் பாரு. நேத்து ராத்திரிக் கணக்கு அதுல இருக்கும்ல? நீதான எல்லாத்தையும் எண்ணுவ? இத மட்டும் ஏம்மா எண்ண மாட்டேங்கற?"

குணவதிக்குப் புரிந்தது. சொல்ல முடியாததைத் தன் வாயால் சொல்லாமல், பெட்டி சொல்லிவிடாதா என்று அவள் கெஞ்சுகிறாள். நேற்றைய கணக்கைக் குணவதி பார்க்கவில்லை. கருவியை இடுப்பில் செருகிவிட்டு அவள் காதுக்கருகே குனிந்தாள்.

"எந்த அறைக்கா?"

"சமையக்கட்டுக்குப் பின்னால. பூட்டியிருக்கும்." சாவியை எடுத்துக் கையில் அழுத்தினாள். "கூப்புட்டாத்தான் வரும். பேரச் சொல்லிக் கூப்புடு."

"என்ன பேரு?"

பல வருஷமாக அந்த வீட்டைத் தாண்டி வெளியே வராத ஒரு பெயரைத் தனபாக்கியம் குணவதியின் காதில் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆணா பெண்ணா, மகனா மகளா, ஏன் பூட்டி வைத்திருந்தாள் என்றும் சொல்லப்போவதில்லை. அந்த ஊரில் போதுமான பெயர்களைத் திரையில் போட்டாகிவிட்டது.

டிராக்டர் மறுபடி போனது. இந்தத் தடவை திரும்பிவர வெகுநேரம் ஆனது. காற்று கூரைத் தகடுகளைப் பிய்த்து எறிந்தது. தனபாக்கியம் வாசலிலேயே நின்றாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, கடைசி வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று.

டிராக்டரின் சத்தம் கேட்டதும் முதலில் எழுந்தது வேதவல்லி. அவள் வாசலைப் பார்த்து எழவில்லை. எழுந்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அதைக் கண்டு தானும் திரும்பினாள். பிறகு அந்த வரிசை. பிறகு கூடம் முழுக்க. போர்வைக்குள் இருந்தவர்கள், இருமிக்கொண்டிருந்தவர்கள், இடுப்பில் பிள்ளை வைத்திருந்தவர்கள் எல்லோரும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். யாரோ எழுந்துபோய்ப் பெரிய டிவியை அணைத்தார்கள்.

குணவதி முதலில் இறங்கினாள். உள்ளே வந்து இருநூறு முதுகுகளைப் பார்த்தாள். கிடைத்த இடத்தில் அவளும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஈரக்கால்கள் தயங்கித் தயங்கி நடக்கும் சத்தம் கேட்டது. தனபாக்கியம், "வா, வா, யாருமில்ல, வா," என்று சொல்லிக்கொண்டே கூட்டிப்போனாள்.

குணவதியின் பக்கத்தில் நின்றது சபாபதி. கைகளை உடம்போடு ஒட்டி, சுவரைப் பார்த்து விறைப்பாக நின்றார். அவளைத் திரும்பிப் பார்க்காமல், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"அன்னிக்கும் இப்படி ஒரு நிமிஷம் திரும்பி நின்னுருக்கலாம்மா."

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி உட்கார்ந்தார்கள். யாரோ டீ போட அடுப்பு மூட்டினார்கள். குணவதி மட்டும் சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.